எஞ்சினுக்காக ஓடிய வெள்ளிக்கிழமைகள்

தாராவியில் பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால், தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். எந்த எஞ்சின் இரண்டு டன் பாரத்தோடு சயான் மேம்பாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறும், எது பாதியில் படுத்துக்கொள்ளும் என்று முப்பது வருஷமாக நான் சொல்லி வருகிறேன். செல்லப்பாண்டி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் எனக்கு. நான் சொன்னதைக் கேட்காமல் வண்டி வாங்கிய ஒரே ஆள் ஜமால். அவர் வாங்கியதுதான் சரியான வண்டி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டு என்ன பிரயோசனம்? அதைக் கேட்க வேண்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஜமாலுக்கு ஊர் மேலப்பாளையம். பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, பதிமூன்றாம் காம்பவுண்டில் மூட்டை சுமந்தார். அங்கே பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மணிமணியாக வெட்டி மூட்டை கட்டுவார்கள். அதற்குத் தானா என்று பெயர். முதுகில் சுமந்த அந்தத் தானாவைப் பிறகு அடுத்தவர் வண்டியில் ஓட்டினார், அதன் பிறகு சொந்த வண்டியில் ஓட்டினார். கோவண்டிக்கு ஒரு நடை, செம்பூருக்கு ஒரு நடை, குர்லாவுக்கு ஒரு நடை. எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர், எல்லாம் நெரிசல்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்கு இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். எல்லாவற்றையும் வண்டியின் தலையில் போட்டுவிடுவார். பசித்தால், "வண்டி சூடாயிட்டு, செத்த நிப்பாட்டணும்" என்பார். மகள் உமைரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தால், "கிளட்ச் சரியில்ல" என்று லோடு வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டில் இருப்பார். அந்தக் கிளட்சை நானே பார்த்திருக்கிறேன். புதுசு மாதிரி இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பழைய வண்டி சேஸிஸ் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்து எதை வாங்குவது என்று என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் சண்டை நடந்தது. செம்பூரில் ஒருவரிடம் பழைய மாதிரி எஞ்சின் வைத்த வண்டி விலைக்கு இருந்தது. நாங்கள் அதைப் பம்ப் எஞ்சின் என்போம். டீசலும் காற்றும் இருந்தால் போதும், அது பாட்டுக்கு ஓடும். வழியில் நின்றால் ஒரு ஸ்பேனரும் இரண்டு கெட்ட வார்த்தையும் போதும். கத்தும், புகை கக்கும், டீசல் குடிக்கும், ஆனால் கைவிடாது. இன்னொன்று ஷோரூமில் நின்ற புது வண்டி. அது சென்சார் எஞ்சின். சத்தம் குறைவு, டீசல் குறைவு, அடியிலிருந்தே இழுவை நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வயர் விட்டுப்போனாலும் சீமான் வீட்டுப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

"பம்ப் எஞ்சினை வாங்கும் வே. பாரம் சுமக்கப் பொறந்தது அது" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி, புதுசையே எடுக்கேன்" என்று எழுந்து போனார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

வண்டி வந்த மூன்றாவது நாளே மேம்பாலத்தில் அதை ஓட்டிக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு டன்னோடு அது ஏறிய ஏற்றத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இறங்கிப் பின்னால் போய், புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரும் அண்ணாச்சி, கரி ஒட்டல."

கரி ஏன் ஒட்டவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எஞ்சினுக்கு சைலன்சருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் உண்டு. தகர டப்பாவுக்குள் தேன்கூடு போல ஒரு பீங்கான் வலை. புகையின் கரியெல்லாம் அதில் தங்கிவிடும். தங்கிய கரி தானாக எரிய வேண்டுமானால் வண்டியை ஹைவேயில் அரைமணி நேரமாவது நிற்காமல், வேகமாக ஓட்ட வேண்டும். தாராவியில் இருபதைத் தாண்டி எங்கே ஓட்டுவது? இரண்டே வாரத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் இழுவையைக் குறைத்துக்கொண்டு நொண்டும்.

"நான் சொல்லல? இப்பம் காலி வண்டியை ஊர்வலம் கூட்டிக்கிட்டுப் போவும்" என்று சிரித்தேன்.

அவர் ஊர்வலம்தான் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வண்டியை எடுப்பார். பக்கத்தில் அவர் மனைவி சாயிரா, புர்கா போட்டு, மடியில் ஒரு ஸ்டீல் டிபன் கேரியரோடு ஏறி உட்காருவாள். என் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது, "என்ன தங்கச்சி, எஞ்சினுக்குக் காத்து வாங்கவா?" என்று கேட்பேன். "ஆமாண்ணே, எஞ்சினுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே போவாள். சனிக்கிழமை காலையில் ஜமால் வந்தால் ஒரே புலம்பல். அரைநாள் போச்சு, டீசல் போச்சு, இந்த எஞ்சினை நம்பினவன் கதி இதுதான் என்று. எனக்கோ அதைக் கேட்க அத்தனை சந்தோஷம்.

இன்னொன்றையும் கவனித்தேன். சனிக்கிழமைதோறும் அந்த வண்டியின் இடதுபக்கக் கண்ணாடி மேலே திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். "பின்னால வாற வண்டியைப் பாக்கதுக்கா வச்சிருக்கீரு, பிளேன் பாக்கதுக்கா?" என்று திட்டி நானே சரியாகத் திருப்பி வைப்பேன்.

உமைரா விஷயம் எனக்குத் தெரியும். அந்த வண்டி வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கடல்கழிக்கு அக்கரையில் ஐரோலியில் அவள் வேலை பார்த்த இடத்தில் அம்மார் என்ற கொங்கணிப் பையனைப் பிடித்துப்போய், சிநேகிதி வீட்டில் நிக்காஹ் செய்துகொண்டாள். பையன் நல்லவன்தான். வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குற்றம். "அவ வூட்டுப் படியை நான் ஏறமாட்டேன்" என்று ஜமால் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். சாயிராவை நீ போகாதே என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவரை மீறி ரயில் ஏறிப் போகிறவள் அல்ல சாயிரா. அந்த வீட்டில் மகள் பேச்சே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பெருநாள் வந்தால் ஜமால் வீட்டிலிருந்து எனக்குச் சட்டியோடு பிரியாணி வரும். தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் போகும். இருபது வருஷமாக நடக்கிற பழக்கம். போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வண்டி என்னிடம் பிரேக் வேலைக்கு வந்தது. இந்தத் தடவை பெருநாளுக்கு நான் எதிர்ச்சீர் செய்தால் என்ன என்று தோன்றியது. அவரைக் கேட்கவில்லை. ஃபில்டரைக் கழற்றி, வாயை அறுத்து, உள்ளே இருந்த வலையைக் கம்பியால் குத்தி நொறுக்கிக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் வைத்து மாட்டினேன். சட்டப்படி தப்பு. எங்கள் ரோட்டில் தினமும் நடக்கிற தப்பு. கோவண்டி தௌசீப் தன் லேப்டாப்போடு வந்து, அந்த மஞ்சள் விளக்கு இனி எரியாதபடி வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டுப் போனான். உதவி என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், பார்த்தாயா, உன் சென்சார் எஞ்சினை நான் பம்ப் எஞ்சினாக்கிவிட்டேன் என்ற கொழுப்பும் இருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். ஜமால் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிகிற இடத்தை விரலால் தடவினார். பிறகு, "நல்லதுதான் அண்ணாச்சி. அரைநாள் மிச்சம்" என்றார்.

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரத்தில், சாயிரா ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள். கையில் அதே டிபன் கேரியர். ஜமால் அப்போதுதான் செம்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

"அண்ணே, அந்த லைட்டு இனிமே எரியவே எரியாதா?"

"செத்தாலும் எரியாது தங்கச்சி. நான் பாத்த வேலைல்லா!"

அவள் சிரித்தாள். நல்லது அண்ணே என்றாள். கேரியரைப் புர்காவுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் முழுங்க முடியவில்லை.

மழைக்காலக் கடைசியில் சாயிராவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் மாத்திரை போட்டார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டெங்கு என்றார்கள். உமைராவுக்குப் போன் போய், அவள் அக்கரையிலிருந்து வாஷி பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜமால் சந்தின் அந்தக் கோடியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். உமைரா இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு என் பக்கத்தில் வந்தாள். மெஹக் என்று பெயர். சின்ன வயதில் என் ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டும் நட்டும் வைத்து விளையாடியவள் உமைரா.

"மாமா, வண்டில எதை ரிப்பேர் பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமையானா எங்க கோபர்கைரனே பில்டிங்குக்குக் கீழே வண்டி வந்து நிக்கும். உம்மா மட்டும் மேலே வருவா. வாப்பா வண்டியை விட்டு இறங்கவே மாட்டாங்க. எஞ்சின் ஆறட்டும்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நாங்க மூணாவது மாடி ஜன்னல்ல இவளைத் தூக்கிக் காட்டுவோம். நிமிர்ந்து பாக்க மாட்டாங்க. அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மேலே திருப்பி வச்சுக்கிட்டு அதுல பாப்பாங்க. பெருநாளுக்கு அப்புறம் வரவே இல்ல. ஏன்னு கேட்டா, வண்டி சரியாயிட்டுன்னு உம்மா சொன்னா. இவ நடந்ததைக்கூட போன்லதான் பாத்தா, மாமா."

எத்தனை சனிக்கிழமை அந்தக் கண்ணாடியை நானே திருப்பி வைத்தேன்! பெருநாளுக்கும் அந்தச் சாவுக்கும் நடுவே இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகள். ஒரு மனிதன் தன் வீம்புக்கும் பாசத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து விட்டு வைத்திருந்தான். அதைப் பெருநாள் சீர் என்று சொல்லி நான் அடைத்தேன். சாயிரா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் புருஷனின் குட்டு வெளிப்பட்டுவிடும், அதனால் சொல்லவில்லை. ஜமால் சும்மாவே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவரால் முடியாது. வண்டி கேட்காமல் அவர் எதையும் கேட்டதில்லை.

மகளுக்கும் சந்தின் கோடியில் இருந்த வாப்பாவுக்கும் அன்று பேச்சு இல்லை. அடக்கம் முடிந்ததும் அவள் குழந்தையோடு போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் ஜமால் வந்தார். தாடி நரைத்து ஆள் பாதியாகியிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த ஃபில்டரைத் திரும்ப மாட்டிரும்."

"எதுக்கு வே? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"இல்ல, எஞ்சினுக்கு அது நல்லதில்ல. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டினாத்தான் எஞ்சின் ஆயுசுக்கும் நிக்கும்."

"பாய், ஃபில்டர் என்னத்துக்கு? நேரா அந்தப் புள்ள வீட்டுக்குப் போவும்."

அவர் என்னை முறைத்தார். "எந்தப் புள்ள? நான் எஞ்சினைப் பத்திப் பேசுதேன்" என்று வெளியே போய்விட்டார்.

நொறுக்கிக் கொட்டிய பீங்கானை எங்கே போய்ப் பொறுக்க? தாராவியில் குப்பைக்குப் போன பொருள் ஒரு மணி நேரம் கிடக்காது. தௌசீப்புக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஹைவேயில் அரைமணி நேரம் ஓடினால் அணைய வேண்டும் என்றேன். "க்யா சாச்சா, எல்லாரும் அணைக்கச் சொல்றாங்க, நீங்க எரிய வைக்கச் சொல்றீங்க" என்று சிரித்தான். என் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். வந்து செய்து கொடுத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜமால் சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் அட்டக்கரியாக இருந்தது. ஃபில்டர் உள்ளே இல்லை என்று முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கையிலிருந்த கழிவுத்துணியை வாங்கி விரலைத் துடைத்தார்.

"லைட்டு எரியுதுல்லா அண்ணாச்சி," என்றார். "ஓட்டித்தான் ஆவணும்."

பக்கத்து சீட்டில் சாயிராவின் டிபன் கேரியர் இருந்தது. அதற்குள் என்ன வைப்பது என்று தெரியாமல் கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸைப் போட்டு வைத்திருந்தார். பல் முளைக்கிற குழந்தைக்குச் சிப்ஸ்! அது கவிழாதபடி சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. கேரியர் சீட்டிலேயே இருந்தது. யாரோ அதைக் கழுவித் துடைத்து, புது மூடி போட்டு, உள்ளே சூடு ஆறிய கிச்சடி வைத்திருந்தார்கள். அவர் மாடி ஏறிவிட்டார் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் இடதுபக்கம் வந்தேன். கண்ணாடி மேலே திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேரியருக்காக உமைராதான் படியிறங்கி வந்திருக்க வேண்டும். கை பழக்கத்தில் அதைத் திருப்பப் போனேன். அப்படியே விட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.