ஒரு தட்டு அதிகம்

யாராவது கைதட்டச் சொன்னால் பெரியம்மா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பள்ளி ஆண்டுவிழாவோ அலுவலகக் கூட்டமோ, எல்லாரும் தட்டி முடிக்கும்வரை அந்தப் பிடி தளராது. நான் பட்டம் வாங்கிய அன்றும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். அம்மா எழுந்து நின்று தட்டுகிறார். பக்கத்தில் பெரியம்மா பையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பொறாமையோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் கூசுகிறது.

பெரியம்மா பதினாறு வருடம் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சேர்ந்த கதையே வேடிக்கை. சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், "பிரஸ்ஸிங் தெரிந்த பெண்கள் தேவை" என்ற பலகையைப் பார்த்து நேராக உள்ளே போய்விட்டார்.

"பிரஸ்ஸிங் தெரியுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார்.

"சட்டைக் காலர்கூட சுருக்கமில்லாம பண்ணுவேன் சார்."

"ரெக்கார்டுக்குக் காலர் கிடையாதும்மா."

சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தாராம். இரண்டு சூடான அச்சுகளுக்கு நடுவே கறுப்பு பிளாஸ்டிக் உருண்டையை வைத்து அழுத்தி, ஒன்பது எண்ணித் திறக்க வேண்டும். சூட்டுக்குப் பயப்படாத கை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 'இஸ்திரி' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

சென்ற வருடம் பழைய பேப்பர் கடையில் அந்தக் கம்பெனியின் ஆல்பம் ஒன்று கிடைத்தது. ரோஸ் நிற அட்டையில் ஐந்து பேர் பபுள்கம் ஊதிக்கொண்டு சிரித்தார்கள். பாட்டுகளும் பபுள்கம்தான்: மெல்லும்வரை இனிக்கும், அர்த்தம் தேடினால் கையில் ஒட்டும். சைக்கிள், ஐஸ்கிரீம், லாலாலா.

"இத எங்கடீ புடிச்ச?" என்றார் பெரியம்மா. நான் தட்டை ரெக்கார்டு பிளேயரில் வைத்தேன்.

இரண்டாவது பாட்டு ஓடி முடிந்தது. இசை முழுக்க நின்றபின் ஒரே ஒரு கைதட்டல், பட்டென்று.

"அது நான்தான்," என்றார்.

பாட்டுக்குக் கைதட்ட, கீழே வேலை பார்த்த பத்துப் பெண்களை மாடி ஸ்டுடியோவுக்கு அழைத்திருக்கிறார்கள். கடைசியில் எட்டுத் தட்டு, பிறகு நிறுத்த வேண்டும். அச்சு இயந்திரப் பழக்கத்தில் பெரியம்மா ஒன்பது எண்ணிவிட்டார். பக்கத்தில் நின்ற தோழி, இசைத்தட்டுகளுக்கு உறை போடுகிறவர், களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்தவர் மாட்டிக்கொண்டார். "நான் இல்ல சார்" என்று அழுதும் ஒலிப்பதிவாளர் கேட்கவில்லை. பாடியவர்கள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டதால் மறுபடி பதிய முடியாமல் அந்த ஒன்பதாவது தட்டு அப்படியே அச்சாகிவிட்டது.

தோழிக்கு நல்ல குரல். அடுத்த திங்கட்கிழமை கோரஸுக்கு அவர் குரலைச் சோதித்துப் பார்ப்பதாக அதே ஒலிப்பதிவாளர் சொல்லியிருந்தார். "எட்டு எண்ணத் தெரியாதவளுக்குத் தாளம் எப்படி வரும்?" என்று அதை ரத்து செய்துவிட்டார். பெரியம்மா வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

"போய்ச் சொல்லிடுங்க பெரியம்மா. மனசு லேசாகும்," என்றேன்.

"நீ படிச்ச புத்தகத்துல போட்டிருந்துச்சா?"

ஆனாலும் அடுத்த ஞாயிறு அவரே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பஸ் மாறித் தோழி வீட்டுக்குப் போனோம்.

"ஏய் இஸ்திரி! இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று தோழி கதவைத் திறந்தார்.

"உன்ன வழியனுப்பாம எப்படிடீ போவேன்?"

உள்ளே இருந்த தோழியின் பேத்திக்குப் பத்து வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும், "பாட்டி கைதட்டின பாட்டு கேக்குறீங்களா?" என்று அலமாரியைத் திறந்தாள். அதே ரோஸ் அட்டை. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது, அந்த ஒற்றைத் தட்டு விழுந்தது. பேத்தி பாட்டியைச் சுட்டிக்காட்டித் துள்ளினாள்.

"நான்தான் அது," என்றார் தோழி. "பாடத்தான் விடல. போகட்டும், ஒரு தட்டாவது நின்னுச்சு."

பெரியம்மா அந்த ரோஸ் அட்டையைத் தடவினார். "நல்லாத்தான்டீ விழுந்திருக்கு," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன் சொல்லல?"

"அவகிட்ட மிச்சம் அது ஒண்ணுதான். பேத்தி முன்னாடி அதையும் புடுங்கவா?"

இரக்கமா, அதே பழைய பயமா என்று நான் மேலும் குடைந்தேன். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று என்னை யார் கேட்கச் சொன்னது?

ஏழு மாதத்தில் பெரியம்மா போய்விட்டார். துக்கத்துக்கு வந்த தோழி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு இவ எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தா. என்னம்மா அது?"

"சும்மா பாக்கத்தான் வந்தாங்க."

"சரி, சொல்லத் தோணுறப்ப சொல்லு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"நான் இல்ல" என்று அழுத பெண்ணிடம், "ஆமா, நீ இல்ல" என்று பெரியம்மா சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.