புதுச் சாமைக்கு யார் ஜெபிப்பது?

மூன்று வருஷத்துக்கு முன், சாமை அறுவடை சமயத்தில், கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் நடந்தது இது. அப்போதுதான் படிப்பை முடித்து, சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி, அங்கிருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போயிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது.

அங்கே புல் வேய்ந்த சின்ன வேதக்கோயில். சபையார் எல்லாரும் மலைக் குடியானவர்கள். புதுத் தானியத்தைச் சாமிக்கு வைக்காமல் வாயில் போடுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். கிறிஸ்தவர்களான பிறகும் அதை விடவில்லை. முதல் கூடையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, ஜெபம் முடிந்த பிறகுதான் வீட்டில் உலை வைப்பார்கள்.

ஜெபமும் பிரசங்கமும் நடத்த மிஷன் வைத்திருந்த உபதேசியார் கீழ்நாட்டுக்காரர். மழை பிடித்தால் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து இறங்கிவிடுவார். அந்த மாதங்களில் சபையை நடத்தியவர் சபையிலேயே இருந்த ஒரு குடியானவர். வேதம் வாசிப்பார், காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவார், யாராவது செத்தால் அவரே ஜெபித்து அடக்கம் பண்ணுவார். அவரையே உபதேசியாராக வையுங்கள் என்று சபையார் கேட்டார்கள். கீழே இருந்த மிஷன் கமிட்டி என்ன செய்தது தெரியுமா? இனி அவர் கோயிலில் முன்னால் நின்று ஜெபிக்கவே கூடாது, மீறினால் சபையை விட்டு நீக்குவோம் என்று உத்தரவு போட்டது!

அந்த வருஷம் பழைய தானியம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஜனங்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். புதுச் சாமை கோயிலில் கூடை கூடையாகக் காத்திருந்தது. உபதேசியாரைக் காணோம். இன்றைக்கு வருகிறார், நாளைக்கு வருகிறார் என்று ஆள்மேல் ஆள் இறங்கிப் போய்த் திரும்பியதுதான் மிச்சம். என் வகுப்பில் பிள்ளைகள் பசியில் சிலேட்டின் மேலேயே கவிழ்ந்து தூங்கின.

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லார் முன்னாலும் அந்தக் குடியானவரிடம் கத்திவிட்டேன்: “நீங்களே ஜெபம் பண்ணினால் என்ன?”

“எனக்கொண்ணுமில்லீங்க வாத்தியாரே. என்னை நீக்கிப்போட்டா, நாளைக்கு இங்க ஒருத்தர் செத்தா யாருங்க அடக்கம் பண்றது? உபதேசியாரா ஏறி வருவாரு?”

பின்னாலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். “ஏனுங்க, ஒருத்தர் ஜெபிச்சாத்தானே நீக்குவாங்க? எல்லாருமாச் சொல்லுவோம். நீக்கறதுன்னா மொத்தமா நீக்கட்டும்!”

“அப்புறம் உபதேசியாரு செவுத்துக்குத்தான் பிரசங்கம் பண்ணோணும்” என்றார் இன்னொருவர். கோயிலே சிரித்தது.

எல்லாரும் எழுந்தார்கள். அவரவர் வாயில் வந்ததை ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்தார்கள். மழைக்கு நன்றி, காட்டுப்பன்றி விட்டுவைத்ததற்கு நன்றி! அன்று மத்தியானம் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழும்பியது.

அடுத்த ஞாயிறு உபதேசியார் டோலியில் வந்து இறங்கினார். தூக்கி வந்தவர்களும் இதே சபையார்தான்! பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவில்லை. “எவன் ஜெபம் பண்ணினது?” என்றார்.

அந்தக் குடியானவர் எழுந்து நின்றார். உடனே கைக்குழந்தைக்காரி. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். நானும்தான்.

“உட்காருங்க!” என்று அதட்டினார். ஒருத்தரும் உட்காரவில்லை.

அத்தனை பேரையும் நீக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் கமிட்டியின் முடிவைக் கேளுங்கள்: ‘மலைச் சபை இன்னும் பக்குவப்படவில்லை.’ மறுபடியும் கீழேயிருந்துதான் வேறொரு உபதேசியாரை அனுப்பினார்கள். அவரும் அடுத்த மழைக்கு இறங்கிவிட்டார்.

மலைச் சபைக்குத் தலைவர்களை எங்கிருந்து கொண்டு வருவது என்று இன்னும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அன்று அந்தக் கோயிலில் உட்கார மறுத்து நின்ற முகங்களைப் பார்த்தவன் நான். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பதில் தேடத் தோன்றுவதில்லை, இன்னுமா கேட்கிறீர்கள் என்று கோபம்தான் வருகிறது.