அரைக்கால்

அப்பா மயிலாப்பூர் விறகுத்தொட்டியில் எடை போட்டவர். அவருக்குப் பின்னம் என்றால் கால், அரைக்கால், மாகாணி. அரைக்கால் எட்டில் ஒரு பங்கு; எண்பது கிலோ விறகில் பத்து கிலோ. அந்த வாய்ப்பாட்டோடுதான் தீர்க்கதரிசனம் படித்தார்.

மந்தைவெளி மாடியில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் சொல்லியிருந்தார்: வளைகுடாவில் குண்டு விழுந்த தொண்ணூற்று ஒன்று ஜனவரி நடுவிலிருந்து எண்ண வேண்டும். ஒரு காலம், இரண்டு காலம், பிறகு ஓர் அரைக்காலம். அது கழிந்தால் ஆண்டவர் வருவார், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், தேவனுடைய ராஜ்யம். காலம் என்றால் வருஷம். அப்பா காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டினார். மூன்று வருஷம், ஒன்றரை மாதம். தொண்ணூற்று நாலு, மார்ச் தொடக்கம்.

அதற்கு முந்தைய நவம்பரில் அம்மாவின் மார்பில் கட்டி. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடனே எடுத்துவிடச் சொன்னார்.

"நாலு மாசம் பொறுத்துக்க. ஆண்டவர் வர்றப்போ முழு ஒடம்போட நிக்கலாம். கத்தி எதுக்கு?" என்றார் அப்பா.

நான் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். காலண்டரை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. சரி என்றேன். இத்தனை வருஷமாக அந்தச் சரி வாயில் கசக்கிறது.

மார்ச் வந்தது. வெயில் வந்தது, தண்ணீர் லாரி வந்தது. கட்டி உடைந்து அம்மாவின் ஜாக்கெட் நனைந்தது. மூவரும் பாஸ்டரிடம் போனோம்.

அவர் சிரித்துவிட்டார். "அரைக்காலம்னா பாதி வருஷம் நைனா. நீங்க தொட்டி அரைக்கால போட்டுக்கினு கீறீங்க. ஜூலை வரிக்கும் டைம் கீது."

அப்பாவின் முகம் தெளிந்தது. "பாத்தியா, தப்பு என்னுதுதான், அவரோடது இல்ல," என்றார் படியிறங்கும்போதே. "இன்னும் நாலரை மாசம்தான்."

"எனக்கு அதுவரிக்கும் தாங்காதுங்க." அம்மா அடையாறு பஸ்ஸில் ஏறினாள். நாங்கள் பின்னால் ஏறினோம்.

கட்டி நெஞ்செலும்போடு ஒட்டிவிட்டிருந்தது. "நவம்பர்லயே சொன்னேனேம்மா. ஏன் வரல?" என்றார் டாக்டரம்மா.

அம்மா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்கு ஒருத்தர் வர்றதா இருந்துச்சு டாக்டர். அவருக்காக இருந்துட்டேன்."

யார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. "இனி அறுக்க முடியாது. ரேடியேஷன், கரண்ட் வெச்சுப் பாக்கலாம்."

ஜூன் கடைசியில் அம்மாவை அடக்கம் செய்தோம். மண் போட்டு முடிந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"மூணு வாரம்தான்டா," என்றார். "எழுந்துருவா."