குப்பை லாரியின் உயரம்

திருப்பதி வாடகை வீட்டின் வாசற்படியில் உட்கார வைத்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் கை தோளுக்கு மேல் எழும்பாது. அப்போது தெருவில் புதுக் குப்பை வண்டி வந்து நின்றது. அதன் பக்கவாட்டிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு, தொட்டியைப் பிடித்துத் தூக்கியது. புளித்த வாடை வாசல்வரை வந்தது.

சித்தூரில் அம்மாவின் புடவையில் இருந்த அதே வாடை. பள்ளி இல்லாத நாட்களில் அவள் குப்பை அள்ளும் வேலைக்கு நானும் கூடப் போவேன். அங்கே குப்பை லாரியின் பக்கப் பலகை அம்மாவைவிட உயரம். என் அப்பா, நைனா, மேலே குப்பைமீது நிற்பார். அம்மா கீழிருந்து கூடையைத் தலைக்கு மேல் தூக்குவாள். கூடையிலிருந்து வடியும் அழுக்குத் தண்ணீர் முகத்தில் விழும் என்று கண்ணையும் வாயையும் இறுக்கி மூடிக்கொள்வாள். கூடை கைக்கு வந்ததும் நைனா, "வாங்கிக்கினேன்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பாள்.

"சைடுல கீழ ஒரு கதவு வெச்சா போதும் சார்" என்று நைனா மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கதவு வெச்சா லோடு கம்மியாப் பூடும்" என்பார் மேஸ்திரி. அவர் ஒரு கூடையும் தூக்கியதில்லை.

இடுப்பு உயரத்தில் கதவு வைத்த லாரி ஒருவழியாக வந்தபோது அம்மாவின் தோள் போயிருந்தது. இப்போது நைனாவும் இல்லை.

தொட்டி காலியாகித் தரைக்கு வந்துவிட்டது. வண்டியின் மேலே யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். அம்மா இன்னும் கண்ணையும் வாயையும் இறுக்கி மூடியிருந்தாள்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் காதருகே சொன்னேன்.

"வாங்கிக்கினேன்மா."