கீழடிக் கணக்கு

ஆபீஸில் 'கீழடி' என்ற கேலியைக் கிளப்பிவிட்டவளே நிருபமாதான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், ஒரு தொழில்நுட்பம் எத்தனை பழசானால் அதைப் புராதனம் எனலாம் என்று டீ குடிக்கும் இடத்தில் பேச்சு வந்தது. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இவள் ஒரே போடாகப் போட்டாள்.

"டீம்ல கடைசியா சேர்ந்தவங்க பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கீழடி. தோண்டி எடுத்து மியூசியத்துல வெச்சிடணும்."

அன்றைக்குக் கடைசியாகச் சேர்ந்திருந்தவன் ஷ்ரேயாஸ். விழுந்து விழுந்து சிரித்தான். இராஜமாணிக்கம் சார் கட்டிக் காத்துவந்த பழைய சிஸ்டம் அந்தக் கணக்கில் கீழடி ஆயிற்று. அவரும் சிரித்தார். அடுத்த வருடம் சிஸ்டத்தை மூடினார்கள். அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிருபமா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

இப்போது ஷ்ரேயாஸ்தான் மேனேஜர். போன மாதம் ஈரோட்டிலிருந்து அனுஷா வந்து சேர்ந்தாள். நிருபமா வேலைக்கு வந்த புதிதில் ராப்பகலாக எழுதிய பில்லிங் புரோகிராம் இன்றும் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. நேற்று மீட்டிங்கில் ஷ்ரேயாஸ் அனுஷாவிடம் பிறந்த வருடம் கேட்டான். இரண்டாயிரத்து மூன்று என்றாள். புரோகிராம் அவளைவிட ஒரு வயது மூத்தது.

"அப்போ இதுவும் கீழடி. ரூல் உங்களோடதுதானே, நிருபமா?"

எல்லோரும் சிரிப்பதற்கு முன்னால் நிருபமா சிரித்துவிட்டாள். பாழாய்ப்போன பழக்கம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பிறகு ஷ்ரேயாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். வருடக் கடைசியில் பில்லிங்கை மூடுகிறார்கள். அவளுக்கு வேறு இடமில்லை. அதுவரை அனுஷாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடிவு எப்போதோ எடுத்தது. கேலி மேலே தடவிய தேன். அவன் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

இன்று காலை அனுஷா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அந்தக் கீழடி ஜோக் சூப்பர்க்கா. உங்க ரூலாமே?"

"என்னுது இல்லம்மா," என்றாள் நிருபமா. "முன்னாடி இங்க இராஜமாணிக்கம்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் சொன்னது."