பஸ்ஸில் போன பத்திரிகை

என் மகளின் பீரோவில் பழைய கையெழுத்துப் பத்திரிகைகள் மூன்று இருக்கின்றன. கோடு போட்ட தாள்களை நடுவில் நூலால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டியவை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஓசூரில் அவள் ஏழாவது படித்தபோது வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதியது. போன வாரம் தூசி தட்ட எடுத்தவன், சாப்பாட்டை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாதம் ஒன்று வரும். ஒரே ஒரு பிரதிதான். தினம் ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும். அந்த வீட்டில் யாராவது பெரியவர் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதித் தர வேண்டும். எழுதாமல் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டதே என் மகள்தான்.

ஒரு மாதம் பேட்டிப் பகுதியில் என்னைப் பிடித்துப் போட்டிருந்தாள்.

கேள்வி: உங்கள் வேலை எப்படி இருக்கிறது?
பதில்: அது பாட்டுக்குப் போவுது.
கேள்வி: பிடித்த உணவு?
பதில்: எதுனாலும் செரி.
கேள்வி: மாணவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?
பதில்: ம்.

அந்த இதழ் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சாவதோடு நின்றவன் நான். யாராவது பார்த்தால் என் பெயரே எனக்கு எழுத வராது. "காலைல கம்பெனி பஸ்ல எழுதிக்கறேன்" என்று சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் அதை மடியில் விரித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தூங்கிவிட்டேன். கேட் வந்ததும் பையோடு இறங்கினேன். டீ நேரத்தில் பையைத் திறந்தபோதுதான் பத்திரிகை இல்லை என்று தெரிந்தது. அதற்குள் அதே பஸ் நைட் ஷிப்ட் முடிந்த ஆட்களை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன்.

"வேற காப்பி கிடையாதுப்பா" என்றாள் மகள். "கிளாஸே அடிக்க வரும். குரங்குத் தொடர்கதை எழுதுனவன் மூணு நாளு கை வலிக்க எழுதினான்."

"வாயத் தொறந்து யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. என்னைத் தெரிந்தே கேட்டாள். இறங்கும் இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறவன் நான்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் படிக்கட்டு ஓரம் நின்றேன். நைட் ஷிப்ட் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் தாவி ஏறினேன்.

"எம் பொண்ணு ஸ்கூல் புக்கு ஒண்ணு நேத்து சீட்ல வுட்டுட்டேன். யாராச்சும் பாத்தீங்களா?"

கத்தியே விட்டேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "பிடித்த உணவு?"

பஸ்ஸே சேர்ந்து சொன்னது: "எதுனாலும் செரி!"

"அட, அந்த 'ம்' ஆளு நீதானாப்பா?" என்றார் டிரைவர். அவரும் படித்திருக்கிறார்!

ராத்திரி கம்பெனி கேன்டீனில் கை மாறி மாறி எல்லாரும் படித்தார்களாம். அட்டையில் சாம்பார் ஒரு சொட்டு. கடைசிப் பக்கம் முழுக்கத் தமிழ், கன்னடம், தெலுங்கு. கன்னட வரியை டிரைவர் படித்துச் சொன்னார்: "படம் இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க."

பத்திரிகையைக் கொடுக்க வந்தவர் பிடியை விடவில்லை. "குரங்கு கெணத்துலேருந்து ஏறிடுச்சா இல்லியா? அதச் சொல்லுண்ணா மொதல்ல."

"அடுத்த மாசம்தான் தெரியும்" என்றேன்.

"அப்போ அதையும் பஸ்ல வுட்டுட்டுப் போ!"

சாயங்காலம் மகள் கடைசிப் பக்கத்தை வரி வரியாகப் படித்துக் குதித்தாள். குதித்து முடித்ததும் முகம் மாறியது. "உன்னுது எங்கப்பா? நம்ம வூட்டு வரி இல்லாம வாங்கக் கூடாது."

இடம் ஒரு மூலைதான் மிச்சம் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே எழுதினேன்: "நல்லா இருக்குது. அடுத்த பேட்டியில் கொஞ்சம் கூடப் பேசுகிறேன்."

படித்துவிட்டு உடனே பென்சிலை எடுத்தாள். "செரி. மொதல் கேள்வி. பஸ்ல கத்துனப்போ பயமா இருந்துச்சா?"

"ம்" என்றுதான் ஆரம்பித்தேன். தட்டிலிருந்த களி ஆறிப்போகும்வரை பேசினேன்.