திரும்பிப் பார்க்காமல் வந்த இடம்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில் தொல்லியல் துறையினர் முதுமக்கள் தாழிகளைத் தோண்டினார்கள். அளவெடுப்பது என் வேலை. ஓட்டாஞ்சில்லு ஒன்று கிடைத்தாலும், குழி மூலையில் அடித்த முளைக்குச்சியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று நோட்டில் ஏறாமல் யாரையும் தொடவிட மாட்டேன். மண் சுமக்கும் பெண்கள் 'டேப்பு சார்' என்று கிண்டலடிப்பார்கள். பிடிவாதக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் பெரிய தாழிகளுக்கு நடுவே சின்னதாக ஒன்று வந்தது. உள்ளே குழந்தை எலும்புகள், கூடவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிண்ணம். அளந்து எழுதினேன். கடலூருக்கு வீடு திரும்பியதும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மனைவியிடம் சொன்னேன்.

அவள் சோறு பிசைவதை நிறுத்தினாள். "நம்ம பாப்பா இருக்கற எடத்த எனக்குக் காட்டுங்க," என்றாள்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் பிறந்த நான்காம் நாளே சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. பெற்றவள் சுடுகாட்டுக்கு வருவதுமில்லை. நானும் மனைவியின் தம்பியும்தான் கெடிலம் ஆற்றங்கரையில் புதைத்தோம். "திரும்பிப் பாக்காதீங்க மச்சான், நடங்க," என்றான். நடந்துவிட்டேன். ஒரு கல் நடவில்லை, ஓர் அடி அளக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அடுத்த மழையில் வெள்ளம் கரையையே மாற்றிவிட்டது. 'வேப்பமரத்துக்கிட்ட' என்று அவளிடம் சொல்லி வந்தது வெறும் வாய்வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போனேன். வேப்பமரத்தருகே நின்று, "எங்க?" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. கண்ணில் பட்ட ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவள் உட்கார்ந்து முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். மண்ணைத் தட்டிக்கொடுத்தாள். "அம்மா வந்துட்டேன்டி," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். "பையில டேப்பு இருக்குல்ல? அளந்து எழுதி வச்சுக்குங்க. அப்புறம் தெரியாமப் போயிடப் போவுது."

டேப்பை எடுத்தேன். அதன் ஒரு முனையை அவளே மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மரத்திலிருந்து பதினோரு அடி நாலு அங்குலம். நோட்டில் எழுதினேன்.